பத்தாவது சொட்டு

மாணவருக்கு வயது அறுபது, ஆசிரியைக்கு முப்பத்தெட்டு. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் பொன்னுரங்கத்துக்கு டாக்டர் மெஹருன்னிசாதான் குரு.

அவரை மெஹருன்னிசாவின் டிஎன்ஏ ஆய்வகத்துக்கு இழுத்து வந்தது ஒரு பட்டப்பெயர். கல்யாணத்தன்றே அவர் தொந்தியைப் பார்த்து மனைவி அலமேலு வைத்தது: "தவிலு." முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டாள். இப்போது மறதி நோய். போன தை மாதத்திலிருந்து, "நீங்க யாரு?" என்கிறாள்.

அந்தப் பெயரை டிஎன்ஏவில் எழுதிவைத்துவிடத் துடித்தார் மனுஷன். இழைகளை உப்புநீரில் போட்டுச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால், தாமே மடிந்து கண்ணுக்குத் தெரியாத பலகைகளாகும். பலகைமேல் புள்ளிகள். எங்கே புள்ளி இருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் அங்கே எழுத்து.

அன்று காலை, நுண்ணோக்கி எடுத்த பலகைப் படங்கள் தெரிந்த கணினித் திரைமுன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார்?"

"ஒரு பலகைகூட முழுசா இல்லை மேடம். ஒண்ணுல மேல நாலு புள்ளியைக் காணோம், ஒண்ணுல கீழ காணோம். ஒன்பது தடவை செஞ்சு ஒன்பதையும் கொட்டிட்டேன். இது பத்தாவது."

"அடக் கடவுளே, கொட்டினீங்களா!"

மெஹருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பது பலகைகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒன்றில் காணாத புள்ளி இன்னொன்றில் இருந்தது.

"இப்பப் படிங்க."

"தவிலு," என்றார் பொன்னுரங்கம். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"முழுப் பலகையைத் தேடாதீங்க சார். ஒரு சொட்டுல கோடிக்கணக்கா இருக்கு. ஒண்ணு விட்டதை இன்னொண்ணு வச்சிருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "அப்படின்னா அலமேலுவையும் இப்படிச் சேர்த்து எடுக்க முடியாதா மேடம்? சில நாள் ஏதாவது ஒண்ணு ஞாபகம் வருது அவளுக்கு. எல்லா நாளையும் அடுக்கினா..."

அடுக்கிய படங்களை மெஹருன்னிசா ஒவ்வொன்றாக நீக்கினார். ஒன்று மட்டும் மிஞ்சியது. அதில் பாதிப் புள்ளி இல்லை.

"படிங்க சார்."

வெகுநேரம் பார்த்தார் பொன்னுரங்கம்.

"முடியலை மேடம்."

"சொட்டுல கோடி இருக்கு, வீட்ல இருக்கிறது இந்த ஒண்ணுதான் சார்."