பந்தியில் எழுப்பிவிட்ட அண்ணன்

மடத்தின் குரு முத்துநாச்சி அம்மாவுக்கு அன்றைக்கு அலுத்தே போய்விட்டது. பின்னே? சீடர் ஆவுடையப்பன் அம்மாவைவிட இருபது வயது பெரியவர். மடத்துக்கு வந்த ஒன்பது வருஷமாக ஒரே கதையைச் சொல்லி உயிரை வாங்குகிறார்.

இன்றைக்கு அந்தக் கதையின் வில்லனே வந்துவிட்டார். ஆவுடையப்பனின் கூடப்பிறந்த அண்ணன். திங்கட்கிழமை அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். அதற்குள் தம்பி முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து மடத்து வாசலில் நிற்கிறார். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு பஸ். மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

தம்பியோ அம்மா எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போகணும்னுதான் இருக்கு அம்மா. எந்திரிச்சா அந்தக் கல்யாணப் பந்தி கண்ணு முன்னாடி வந்து நிக்குது. நேத்து படிச்ச பாட்டு இன்னிக்கு மறந்துபோகுது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின கதை மட்டும் மறக்க மாட்டேங்குதே, ஏன்?"

"சொல்லுங்க."

"எதை?"

"அதையேதான். இன்னொரு தடவை சொன்னா குறைஞ்சா போயிடும்?"

ஆவுடையப்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அக்கா மக கல்யாணம். இலையில உட்கார்ந்துட்டேன். ஓரத்துல உப்பு, நார்த்தங்காய், அவியல். கையை வைக்கப் போறேன். 'எந்திரிடா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உட்காரட்டும்'னு அண்ணன் என்னைப் பிடிச்சுத் தள்ளினார். நூறு பேர் பார்த்தாங்க. உடம்பெல்லாம் எரிஞ்சுது. இப்பவும் எரியுது."

"முதல் வருஷம் தோளைத் தொட்டார்னு சொன்னீங்க. போன வருஷம் இழுத்தார். இப்போ தள்ளியே விட்டாரா?"

அவர் விழித்தார். "அப்படியா சொன்னேன்?"

"சமையல்காரம்மாவைக் கேளுங்க, அவங்களுக்கும் மனப்பாடம். சரி, எந்திரிச்சு என்ன செஞ்சீங்க?"

"கோபத்துல வெளியே வந்துட்டேன்."

"அண்ணனை ஒண்ணும் சொல்லாமலா?"

"ஏதோ சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். உப்பு வந்தது, நார்த்தங்காய் வந்தது, வேடிக்கை பார்த்த முகமெல்லாம் வந்தது. தன் குரல் மட்டும் வரவில்லை.

"அண்ணி அழுதாங்க. அது தெரியுது. நான் என்ன சொன்னேன்னு... சத்தியமா ஞாபகம் இல்லை அம்மா."

"வாசல்ல நிக்கிறவரைக் கேளுங்க. நீங்க சொன்னதைக் கேட்டு அவருக்கும்தானே உடம்பு எரிஞ்சிருக்கும்? ஓர் எழுத்துகூட மறந்திருக்க மாட்டார். அது மறக்காமலேதான் உங்களைப் பார்க்க வந்திருக்கார்."