அமைச்சர் செவிலியான கதை

மகுடவர்ம மகாராஜாவுக்குச் சட்டம் போடுவதென்றால் கொள்ளை ஆசை. செவிலியர் பதிவைச் சீர்திருத்தும் வேலையை அமைச்சர் குழந்தைவேலரிடம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அதற்காக அமைக்கும் பதிவு வாரியத்தில் இருப்பவர்கள் பதிவுபெற்ற செவிலியராக இருக்க வேண்டும்.

அமைச்சர் அசரவில்லை. தன் பெயரையும் மைத்துனர்கள் நால்வர் பெயரையும் புதிய செவிலியர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஆயிற்று, வாரியம் தயார்! பிறகு சபையில் முழங்கினார்.

"பழைய பதிவுகள் நாளை விடிந்தால் செல்லாது. பதிவில்லாதவர் நோயாளியைத் தொட்டால் நாடு கடத்தல். புதுப் பதிவு யாருக்கு என்று வாரியம் பார்த்துச் சொல்லும்."

'பார்த்துச் சொல்வது' என்றால் என்ன என்று அரண்மனை மருத்துவச் சாலையின் செவிலியர் சங்கத் தலைவி வடிவாம்பாளுக்குத் தெரியாதா? அமைச்சருக்கு வேண்டியவர்களுக்கு வேலை, மற்றவர்களுக்குத் தெரு. அவள் அமைச்சரிடம் நேரே போய்க் கேட்டாள்.

"வாரியத்தில் எங்கள் ஆள் ஒருத்தியாவது வேண்டாமா, ஐயா?"

"எதற்கு? நாங்கள் ஐந்து பேரும் செவிலியர்தானே! புதுப் பதிவேட்டைப் போய்ப் பார்."

வடிவாம்பாள் போய்ப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை வாரியம் மிடுக்காக மருத்துவச் சாலைக்கு வந்தது. செவிலியர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"வாருங்கள் ஐயா," என்றாள் வடிவாம்பாள். "முதல் கட்டிலில் மகாராஜாவின் மாமனார். பேதி மருந்து சாப்பிட்டிருக்கிறார், அடிக்கடி கூப்பிடுவார். சட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இனி உங்கள் பொறுப்பு."

"என்னம்மா உளறுகிறாய்?"

"நாங்கள் தொட்டால் நாடு கடத்தல். இன்றைக்கு இந்த நாட்டில் பதிவுபெற்ற செவிலியர் நீங்கள் ஐவர்தான். அடுத்த செவிலியிடம் ஒப்படைக்காமல் நோயாளியை விட்டு நகரக்கூடாது, அது எங்கள் தொழில் முறை. ஒப்படைத்துவிட்டோம்."

மைத்துனர்கள் நால்வரும் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்கள்.

உச்சிப்பொழுதில் மாமனாரைப் பார்க்க வந்த மகாராஜா திகைத்து நின்றார். தலைப்பாகை அவிழ, மூக்கைப் பொத்திக்கொண்டு, சட்டியும் கையுமாக அமைச்சர் ஓடிக்கொண்டிருந்தார். "மெதுவாக, ஐயா! முதுகைத் தாங்கிப் பிடியுங்கள்!" என்று வடிவாம்பாள் வாசலில் நின்றே அக்கறையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மகாராஜா! இவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள்!" என்று அலறினார் அமைச்சர்.

"இல்லை மகாராஜா. சட்டப்படி நடக்கிறோம்," என்று நடந்ததைச் சொன்னாள் வடிவாம்பாள்.

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாரியம் கலைந்தது! புது வாரியத்தைச் செவிலியர் சங்கமே தேர்ந்தெடுக்கட்டும். எல்லாருக்கும் பதிவு உண்டு!"

"அப்பாடா!" அமைச்சர் சட்டியைக் கீழே வைத்தார். "அப்படியானால் நான் வரட்டுமா?"

"தாராளமாக," என்றாள் வடிவாம்பாள். "நாங்கள் வாரியம் கூட்டி, பெயர் பதிந்து வரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை பொறுப்பை எந்தச் செவிலியிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள்?"

அமைச்சர் மகாராஜாவைப் பரிதாபமாகப் பார்த்தார். உள்ளேயிருந்து மாமனாரின் குரல் இடித்தது.

"செவிலி! சீக்கிரம்!"

"ஓடும் ஓய், கூப்பிடுகிறார்!" என்றார் மகாராஜா.