ஏழு கேள்விகளும் ஆறு பிழைகளும்

குன்றடியில் ஒரு சிலம்பக்கூடம். அதன் ஆசான் முத்தரசிக்கு வயது முப்பத்திரண்டு. அங்கே புதிதாகச் சேர வந்த மாணவர் புலவர் அறவாழிக்கு வயது ஐம்பத்தொன்பதே முக்கால். அவரே அப்படித்தான் சொன்னார்.

புலவர் வெறுங்கையோடு வரவில்லை. ஏழு கிலோவில் ஒரு கர்லாக்கட்டையைக் கடையச் சொல்லி வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"மூன்று மாதத்தில் எனக்கு மணிவிழா. அன்று மேடையில் இதைச் சுழற்றப் போகிறேன். அழைப்பிதழிலும் அச்சிட்டாயிற்று."

"கட்டைய அந்த மூலையில வைங்க ஐயா. முதல்ல இத நிரப்புங்க."

ஆசான் ஒரு தாளை நீட்டினார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, நெஞ்சு வலி உண்டா என்று ஏழு கேள்விகள்.

புலவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். அவர் நிமிர்ந்தபோது தாளில் ஆறு ஒற்றுப்பிழைகள் அகப்பட்டிருந்தன. உடம்பில் ஒன்றும் அகப்படவில்லை. ஏழுக்கும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

"'உடற்ப்பயிற்சி' என்று அடித்திருக்கிறீர்கள். 'ற்' வந்த பிறகு அங்கே 'ப்' எதற்கு? 'மூச்சு திணறல்' என்ற இடத்தில் வரவேண்டிய ஒற்றைக் காணோம்."

"சரிங்க ஐயா. கடைசியா எப்ப டாக்டரப் பாத்தீங்க?"

"போன மாதம்."

"எதுக்கு?"

"அவர் மகள் கல்யாணத்துக்கு."

ஆசான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"குன்றுல அறுபது படி இருக்கு. உங்க நடையிலயே ஏறுங்க, நானும் கூட வர்றேன். ஏதாவது சொல்லிக்கிட்டே வரணும். தூக்கத்துலகூட உங்களுக்கு எது தடங்கலில்லாம வருமோ, அது."

முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த யாப்பு வாய்பாட்டைப் புலவர் எடுத்தார்.

"தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். தேமா, புளிமா..."

பத்தாம் படியில் குரல் கணீரென்று இருந்தது. இருபதாம் படியில் கொஞ்சம் தணிந்தது. இருபத்தேழாம் படியில், "கரு..." என்று நின்றார். கை நெஞ்சுக்குப் போயிற்று.

"...விளம்," என்றார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது.

"கருவுக்கும் விளத்துக்கும் நடுவுல என்னங்க ஐயா வந்துச்சு?"

"வகையுளி. ஓசைக்காகச் சொல்லை நடுவில் பிரிப்பது. இலக்கணத்தில் இடமுண்டு."

"கை நெஞ்சுக்குப் போச்சே, அதுக்கும் இலக்கணம் இருக்கா?"

"அது வாயு."

"எத்தன நாளா?"

"ஆவணியிலிருந்து. படியேறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். பெருங்காயம் போட்டு மோர் குடிக்கிறேன்."

"தாள்ல நெஞ்சு வலி உண்டான்னு கேட்டிருந்தேனே?"

"நீங்கள் கேட்டது வலி. இது இறுக்கம். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது என்றுதான் முப்பத்து மூன்று ஆண்டும் சொல்லிக்கொடுத்தேன்."

ஆசானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் போனில் ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தார்.

மெல்ல இறங்கி வந்து ஆட்டோவைப் பார்த்ததும், "எங்கே?" என்றார் புலவர்.

"இதய டாக்டர்கிட்ட. இப்பவே."

"கட்டை?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது ஐயா. ஏறுங்க."

புலவருடைய வாயுவுக்கு டாக்டர் வேறு பெயர் சொன்னார். அடைத்திருந்த ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட்டும் வைத்தார்.

ஏழாவது வாரம் புலவர் நடந்தே வந்தார். சட்டைப் பையில் டாக்டரின் கடிதம் இருந்தது. நடக்கலாம், மெல்ல மெல்லக் கூட்டலாம், பாரம் தூக்குவது பிறகு.

மூலையில் கட்டை அப்படியே சாய்ந்திருந்தது. புலவர் அதைப் பார்க்காதவர் போல உட்கார்ந்தார்.

"அழைப்பிதழ் என்ன ஆச்சு ஐயா?"

"பிழைதிருத்தம் ஒட்டிவிட்டேன். 'கர்லாக்கட்டை சுழற்றுவார்' என்பதை 'மேடைக்கு நடந்து வருவார்' எனத் திருத்திப் படிக்கவும்."

ஆசான் புதுத் தாள் ஒன்றை நீட்டினார். அதே ஏழு கேள்விகள்.

இந்த முறை அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று 'ஆம்' விழுந்தன. நெஞ்சு வலிக்கு நேரே 'இறுக்கம்' என்று எழுதி, ஆவணியிலிருந்து நடந்ததைச் சொல்லி, இடம் போதாமல் தாளைத் திருப்பினார். தம் அப்பா ஐம்பத்தெட்டாம் வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததைப் பின்பக்கத்தில் எழுதினார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுதி முடித்துத் தாளை மறுபடி திருப்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. கை சிவப்புப் பேனாவை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"ஆசானே, நான் திருத்திக் கொடுத்த ஆறு பிழையும் அப்படியே இருக்கின்றனவே. மறந்துவிட்டீர்களா?"

"இல்லீங்க ஐயா. உங்க கண்ணு முதல்ல எதுமேல போகுதுன்னு பாக்க வேணும்னே விட்டேன். அதுதான் எட்டாவது கேள்வி."