அய்யனார் பிரித்த நாலு வார்டு

கட்டளைப்பட்டியில் எண்ணூறு பேர் இருந்தார்கள். யோசிக்கிற வழக்கம் மட்டும் ஒருவருக்கும் இல்லை. அதை அவர்கள் சாமியிடம் ஒப்படைத்துப் பல காலமாகிறது. ஊரை ஆள்வது குடைசாயா அய்யனார்தான். பஞ்சாயத்து ஆபீசில் தலைவர் நாற்காலியில் அவருடைய குடை உட்கார்ந்திருக்கும். தினமும் காலை பதினோரு மணிக்கு அய்யனார் உத்தரவு போடுவார். அந்த உத்தரவு வெளியே வருகிற வாய் சாமியாடி சடையாண்டியுடையது.

சடையாண்டிக்கு அந்த வாயை விட்டால் வேறு பிழைப்பில்லை. ஏர் பிடிக்கத் தெரியாது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கச் சொன்னால்கூட, "பதினோரு மணி ஆகட்டும்" என்பான்.

ஒரு திங்கட்கிழமை, வார்டு பிரிக்கிற அதிகாரி கோதண்டபாணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"ஊரை நாலு வார்டா பிரிக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஆள் எண்ணிக்கை சமமா இருக்கணும். எல்லைக் கோட்டை நீங்களே போட்டு வைங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பேன். சரியா இல்லேன்னா உங்க ஊரை மேலப்பொட்டலோட சேர்த்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலப்பொட்டல் என்றதும் சடையாண்டி ஓடிப்போய் நாற்காலியில் இருந்த குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சாமியைக் கேட்காமலேயே பஸ் ஸ்டாப் கட்டின ஊர் அது. அங்கே தலைவர் நாற்காலியில் வெறும் மனுஷன் உட்கார்ந்திருப்பான். அதோடு சேர்ந்தால் குடைக்கு நாற்காலி போய்விடும், அவன் வாய்க்கு வேலை போய்விடும்.

அன்றைக்கே கோயிலில் கூட்டம் போட்டார்கள். ஊர்க் கணக்கு டீக்கடை வெள்ளத்துரையின் பொறுப்பு. சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவன் பேச்சிமுத்து.

"இது யாரு மண்ணு?" என்றார் வெள்ளத்துரை.

"சாமி மண்ணு" என்றான் பேச்சிமுத்து.

"அதுல மனுசன் கோடு கிழிக்கலாமா?"

"சாமி முதுகுல கிழிச்ச மாதிரியில்லா ஆகும்!"

எல்லோரும் ஒரு தரம் தங்கள் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ கோட்டைச் சாமியே போடட்டும்" என்றான் சடையாண்டி. மணி அப்போது பதினொன்று என்பதால் அது உத்தரவாகிவிட்டது.

சப்பரம் தூக்குகிறவர்கள் தாங்களாக நடப்பதில்லை, சாமி இழுக்கிற பக்கம் போகிறார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மறுநாள் அய்யனாரைச் சப்பரத்தில் ஏற்றி, பின்னால் சுண்ணாம்புத்தூள் மூட்டையைக் கட்டி, அதில் ஓர் ஓட்டையும் போட்டுவிட்டார்கள். சாமி போகிற வழியெல்லாம் கோடு விழும். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் எந்த வீட்டு வாசலில் மோர்ப்பானை தெரிந்ததோ, அந்தப் பக்கமே அய்யனாரும் இழுத்தார். பானகம் கரைத்து வைத்திருந்த ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போனார். கடைசியில் வழக்கப்படி கோயிலைச் சுற்றி வந்து உள்ளே இறங்கினார். கோயிலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது.

வெள்ளத்துரை நோட்டை எடுத்துக்கொண்டு எண்ணப் போனார். இரண்டாம் வார்டில் எழுநூறு பேர். மூன்றாம் வார்டில் அறுபத்தொன்று, நான்காம் வார்டில் முப்பத்தேழு. முதல் வார்டில் ஒரே வீடுதான், அது அவருடைய வீடு. அதில் அவரும் மனைவி உலகம்மையும் ஆக இரண்டு பேர்.

"சமமா இல்லயே" என்றான் பேச்சிமுத்து.

"கோடு சரியாத்தான் இருக்கு. சாமி போட்டதுல்லா?" என்றார் வெள்ளத்துரை. "ஆளுங்கதான் தப்பான இடத்துல இருக்காங்க."

அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலைக்கு ஒரு பாயோடு ஜனங்கள் இடம் மாறத் தொடங்கினார்கள். வெள்ளத்துரை வீட்டுக்கு மட்டும் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். அடுக்களையில் முப்பது பேர், வைக்கோல்போர் மேல் நாற்பது பேர், மற்றவர்கள் கிடைத்த இடத்தில். உலகம்மை மூன்று தரம் உலை வைத்துப் பார்த்துவிட்டு, நாலாவது தரம் அகப்பையை எடுத்துக்கொண்டு புருஷனைத் தேடினாள்.

வியாழக்கிழமை காலையில் கணக்குச் சரியாகிவிட்டது. வார்டுக்கு இருநூறு. சடையாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும்தான் நிலைத்தது. மூன்றாம் வார்டில் பேச்சிமுத்துவின் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது.

"இருநூத்தி ஒண்ணு!" என்று தலையில் கை வைத்தார் வெள்ளத்துரை. "ஏம்ல, ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"நான் சொன்னேன் அண்ணாச்சி, அவ கேக்கல" என்றான் பேச்சிமுத்து. அவனுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"மத்த மூணு வார்டுலயும் ஒவ்வொரு பிள்ளை பொறந்தா சரியாயிரும்."

"எத்தனை மணிக்குள்ள?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள."

அந்தந்த வார்டுப் பெண்களிடம் விசாரிக்கப் போனவர்கள் விளக்குமாற்றடி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சரி, கூட்ட முடியாவிட்டால் குறைக்கலாமே என்று எல்லோரும் தொண்ணூறு வயது சுப்புக்கோனாரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏம்ல பாக்கீங்க? நான் நாலாம் வார்டு. நான் செத்தா நாலுலதான் குறையும், மூணுல குறையாது" என்றார் கிழவர்.

அவருடைய நியாயத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சடையாண்டி கோயிலுக்குள் போய் அய்யனார் முன்னால் உட்கார்ந்தான். பதினோரு மணிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. இருந்தாலும் வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். விக்கல் மட்டும்தான் வந்தது. "அய்யா, இந்த வாயை மேலப்பொட்டல்ல எவன்யா கேப்பான்?" என்று விசும்பி அழுதுவிட்டான்.

அந்த நேரத்தில் வெள்ளத்துரை நோட்டோடு ஓடி வந்தார்.

"சடையாண்டி! மூணாம் வார்டுல திரும்ப எண்ணினேன். இருநூறுதான் வருது. ஒரு ஆளைக் காணோம்!"

"நான் மூணாம் வார்டுதானே? நான் இங்க இருக்கேன்."

"இது எந்த வார்டு?"

சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். வெள்ளை வட்டம் கோயிலைச் சுற்றி ஓடியது. எல்லா வார்டும் அதற்கு வெளியேதான் இருந்தது. "இது வார்டே இல்லய்யா. சாமியோட இடம்" என்றான்.

எங்கேயும் அசையாமல் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவன் வாய் திறந்துவிட்டது.

"ஒருத்தன் சாமிகிட்ட வந்ததுக்கே ஒரு வார்டு சரியாயிருச்சே. ஊரே சாமிகிட்ட வந்துட்டா?"

அவ்வளவுதான். எண்ணூற்றொரு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வட்டத்துக்குள் புகுந்தார்கள். ஒருவர் தோள்மேல் ஒருவராக, மதிலிலும் மணிக்கூண்டிலும் தொற்றிக்கொண்டு, பச்சைப் பிள்ளையைச் சப்பரத்தில் கிடத்தி, எப்படியோ அடைந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. காலியான தெருக்களைப் பார்த்துக்கொண்டே வந்த கோதண்டபாணி, கோட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"என்னய்யா இது? வார்டுல எத்தனை பேர்?"

வெள்ளத்துரை நோட்டைப் பிரித்துக் கம்பீரமாகப் படித்தார். "ஒண்ணாம் வார்டு, சைபர். ரெண்டாம் வார்டு, சைபர். மூணாம் வார்டு, சைபர். நாலாம் வார்டு..." அவர் கண் அதிகாரி நின்ற இடத்துக்குப் போனது. அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார். "நாலாம் வார்டு, ஒண்ணு."

கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. அதிகாரியோ விஷயம் புரியாமல் ஒரு எட்டு எடுத்து வைக்கப் போனார்.

"சார், அசையாதீங்க!" என்று அலறினான் சடையாண்டி. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன், அங்கேயே நில்லுங்க. ஆபீசுக்குப் போன் போட்டு உங்களை மாதிரி இன்னும் மூணு பேரை அனுப்பச் சொல்லுங்க. வார்டுக்கு ஒருத்தரா நிறுத்திட்டோம்னா கணக்குச் சரியாயிரும்."