அட்டை சுற்றிய சுற்று

செயற்கை ஈர்ப்புக் கருவியைச் செய்துவிட்ட கர்வம் ஆய்வுக்கூட இயக்குநர் ரத்தினசபாபதிக்குத் தலைக்கேறியிருந்தது. "மந்திரி வரும்போது நம்ம செயற்கைக்கோள் தலைக்கு மேலயே நிக்கணும். ஈர்ப்பைக் கூட்டு, இல்லன்னா வேலையை விட்டுப் போ" என்றார். அந்தச் செயற்கைக்கோளை மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டிய மும்தாஜ், "விழுந்துடும் சார்" என்று கெஞ்சியும் அவர் காதில் ஏறவில்லை; தானே கருவியின் சுவிட்சில் கை வைத்தார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த சீனியம்மாள் தன் அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை விரலில் மாட்டிச் சுழற்றினாள். நாடா சுருளச் சுருள அட்டை வேகமெடுத்து, விரலிலேயே வந்து அடித்தது.

"கிட்ட இழுத்தா நிக்காதுய்யா. ஓட்டம்தான் கூடும், கடைசியில நம்ம மேலயே விழும்."

இயக்குநரின் கை சுவிட்சிலிருந்து இறங்கியது. "அப்போ மந்திரிக்கு எதைக் காட்டுறது?"

"அதுதான் தினமும் சொன்ன நேரத்துக்குத் தலைக்கு மேல வருதே." சீனியம்மாள் அட்டையை மாட்டிக்கொண்டாள். " மந்திரியையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்க."

இயக்குநருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சீனியம்மாள் முந்தானையால் மும்தாஜின் கண்ணைத் துடைத்தாள். "அழாதம்மா. உன் பிள்ளை அதுபாட்டுக்குச் சுத்தட்டும்."