பட்டங்கள் பின்னால் வரட்டும்

கருங்குன்றச் சீமையை ஆண்ட பொன்னப்ப பூபதி மகாராஜாவுக்கு எத்தனை பட்டங்கள் என்று அவருக்கே தெரியாது. அத்தனையையும் இங்கே எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் கதை தொடங்குவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நான் நீட்டி முழக்குகிற ஆள்தான். இன்று மட்டும் அடக்கிக்கொள்கிறேன்.

அரண்மனையின் தலைமை எழுத்தன் ராயசம் கொழுந்தப்பனுக்கு அந்த அடக்கம் வரவில்லை. ஐப்பசி மழையில் பெரிய ஏரி தளும்பியது. மதகைத் திறக்கும்படி ஏரிக்காவலுக்கு ஓலை அனுப்பச் சொன்னார் ராஜா. கொழுந்தப்பன் ராஜாவின் பட்டங்களை முதலில் அடுக்கி ஓலைக்கட்டாக எழுதி அனுப்பினான். அரச ஓலை வந்தால் முதல் வரியிலிருந்து நின்றபடி உரக்கப் படிக்க வேண்டும் என்பது அந்தச் சீமையின் வழக்கம். காவலன் கொட்டும் மழையில் பட்டம் பட்டமாகப் படித்தான். மதகு என்ற சொல் கடைசி ஓலையில் இருந்தது. அவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் கரை உடைந்து வயலெல்லாம் முழுகிவிட்டது.

ராஜா கொழுந்தப்பன்மேல் கொதித்துப் போனார்.

"எழுத்தர் அத்தனை பேருக்கும் ஒழுங்காக எழுதச் சொல்லிக்கொடு. ஓலையை வாங்கியவன் அடுத்த கணமே வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் என் பட்டங்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. முடியாவிட்டால் நீ இந்தச் சீமையை விட்டே போகலாம்."

கொழுந்தப்பன் எழுத்தர்களை உட்கார வைத்துப் பாடம் தொடங்கினான்.

"படிக்கிறவன் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான் என்று நினைத்து எழுதுங்கள். நான் நினைக்கவில்லை, ஏரி போயிற்று."

பழைய ஓலைகளை எடுத்துக் கொடுத்துத் திருத்தி எழுத வைத்தான். வேலை முதல் வரிக்கு வந்தது. பட்டங்கள் கடைசிக்குப் போயின.

இதற்காகவே காத்திருந்தார் மந்திரிகளுக்குத் தலைவரான பிரதானி அம்பலக்கூத்தர். அவருக்குத் தன் மைத்துனனை ராயசம் பதவியில் உட்கார வைக்க ஆசை. ஒரு புது ஓலையைச் சபையில் விரித்தார்.

"பாருங்கள் மகாராஜா. மதகு முதலில், தாங்கள் கடைசியில். தங்கள் பெயரை வாலில் கட்டிவிட்டான்."

ராஜாவின் முகம் சிவந்தது. "என்ன சொல்கிறாய் கொழுந்தப்பா?"

"ஒரே ஒரு கேள்வி மகாராஜா. விஜயதசமி ஊர்வலத்தில் முதலில் போனது யார்?"

"முரசு அடிப்பவன்."

"தாங்கள்?"

"கடைசியில், யானைமேல்."

"அன்றைக்கு முரசுக்காரனைப் பெரியவன் என்று யாராவது நினைத்தார்களா? வழி விடச் சொல்லி அவன் முன்னால் போகட்டும். அரசர் பின்னால் வருவதுதானே முறை?"

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். பிரதானி ஓலையைச் சுருட்டிக்கொண்டார்.

அடுத்த மழைக்கு ஏரி மறுபடி நிரம்பியது. ஓலை போயிற்று. முதல் வரி காதில் விழுந்ததுமே ஒருவன் மதகுக்கு ஓடினான். இன்னொருவன் நின்று பட்டங்களைப் படித்து முடித்தான். கரை நின்றது, நெல் பிழைத்தது.

ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "உனக்கு வேண்டிய பரிசை நீயே எழுது. முத்திரை வைக்கிறேன்."

கொழுந்தப்பன் எழுதினான், எழுதினான், எழுதிக்கொண்டே இருந்தான். ராஜா வாங்கிப் படித்தார். 'எழுத்தாணி வேந்தன், சுருக்கச் சிங்கம், சொற்சிக்கனச் சக்கரவர்த்தி...' கட்டின் கடைசி ஓலையில் கொஞ்சம் நன்செய் நிலம் ஒதுங்கி நின்றது.

"என்னப்பா இது? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தாயே."

"எடுத்தேன் மகாராஜா. அடுத்தவன் ஓலையை வெட்டும்போது கை கூசவே இல்லை. சொந்த ஓலை என்றதும் எல்லாமே அவசியமாகத் தெரிகிறது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கத்தியை எடுத்து, நிலம் இருந்த துண்டை மட்டும் நறுக்கி, முத்திரை வைத்துக் கொடுத்தார்.