மாசானத்துக்குக் கை மரத்த கதை

மாசானம் அடித்த வாலிபால் பந்துகூடத் தரைக்கு வந்துவிடும், அவன் விடுகிற கதை வரவே வராது. அப்பேர்ப்பட்டவனுக்குத் தோளில் நரம்பு நசுங்கி, ஒரு மாதமாக விரல்நுனி வரை மரத்துப் போகிறது. நாளை மறுநாள் அரையிறுதி. பிசியோ ஜெபக்கனி சரி என்று எழுதித் தந்தால்தான் ஆடலாம். அவனுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் வாய்க்கு ஏது பயம்?

"என்னண்ணே செய்யுது?"

"கொஞ்சம் மரத்துப் போச்சு டாக்டரம்மா."

"எவ்வளவு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டான். எதையும் கொஞ்சமாகச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"கோவில்பட்டி மேட்ச்ல எம்பிக் கையை ஓங்குனேனா, அப்படியே மரத்துட்டு. நான் கீழ வந்துட்டேன், கை மேலயே நிக்கு. இப்ப அடிப்பான், இப்ப அடிப்பான்னு எதிர் டீம் ஆறு பேரும் அண்ணாந்து நிக்கானுவ. அதுக்குள்ள நாங்க நாலு பாயிண்ட் எடுத்துட்டோம்."

பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துப் படுத்திருந்த அந்தோணி, அவன் அணிக்காரன், தலையைத் தூக்கினான். "நானும் அந்த மேட்ச்ல ஆடுனேன்லா வே!"

"நீரு பந்தைப் பாத்திருப்பீரு. கையைப் பாத்தீரா? மரத்துச்சுன்னா லேசா இல்ல, மரமே ஆயிட்டு! ரெண்டாவது செட்ல முழங்கையில துளிர் விட்டுச்சு. மூணாவது செட்ல காக்கா கூடு கட்டி முட்டை வச்சுட்டு. டைம் அவுட்ல எதிர் டீம் கோச்சு என் நிழல்லதான் வந்து உக்காந்தாரு."

"அப்ப ஜெர்சியை எப்படி வே கழட்டுனீரு?"

"கிளையை நறுக்கிக் கவாத்து பண்ணித்தான்!"

ஜெபக்கனி சிரிக்கவில்லை. "ரெண்டு கையையும் மேல தூக்கி, விரலை மூடி மூடித் திறங்க. மூணு நிமிஷம்."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வலது கை விரல்கள் தடுமாறின, கை தானாக இறங்கிவிட்டது. மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"காய் கனம் டாக்டரம்மா. இந்த வருஷம் நல்ல காய்ப்பு, அதான் கிளை தாழுது."

"காய்ச்ச கிளைக்கு முட்டுக் குடுக்கணும்லாண்ணே" என்றபடி அவள் பட்டையை எடுத்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். "ஆறு வாரம் அசைக்கக் கூடாது."

"அப்ப மேட்ச்சு?"

"வந்து ஓரமா நில்லுங்க. எதிர் டீம் கோச்சுக்கு நிழல் வேணும்லா."